சரித்திரப் பாடத்துக்குச் சாட்சி யார்?

தவணைப் பரீட்சை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் சரித்திரம் சத்தமாகக் கேட்கத் தொடங்கும். 1505 போர்த்துக்கேயர் வருகை, 1658 யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில், 1815 கண்டி ஒப்பந்தம் என்று பிள்ளை ஒப்புவிக்கும். குசினியில் நிற்கும் உம்மாவுக்குக் கூட இரண்டு நாளில் அது பாடமாகிவிடும். ஆண்டு தவறாமல் சொல்லிவிட்டால் நமக்கும் திருப்தி.

ஒரு பிள்ளை சற்று வித்தியாசமாகக் கேட்டுவிட்டால் என்ன செய்வோம்? "1626 இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்கிறார்களே, அது எப்படி உம்மா இவ்வளவு காலத்துக்குப் பிறகும் தெரியும்?" புத்தகத்தில் இருக்கிறது என்போம். புத்தகம் எழுதியவருக்கு யார் சொன்னது?

இந்தச் செய்திக்குப் பதில் சற்று வேடிக்கையானது. குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் கோவாவில் இருந்துகொண்டு 1687 அளவில் எழுதி முடித்த பெரிய நூல் ஒன்றில் இது வருகிறது. அவர் இலங்கை மண்ணை மிதித்தவரே அல்லர். இங்கிருந்து போனவர்களின் வாய்மொழியையும் எழுத்தையும் வைத்து எழுதினார். நம் சமூகத்தின் மீது அன்பு கொண்டு எழுதியவரும் அல்லர். ஏறத்தாழ நாலாயிரம் பேரை மன்னன் ஏற்றுக்கொண்டான் என்று அவர் குறித்தது தம்மவருக்கு நேர்ந்த நட்டத்தைச் சொல்வதற்காகவே. ஆனாலும் இன்று நாம் நன்றியுடன் எடுத்தாளும் ஒரு செய்தியைக் காப்பாற்றித் தந்தது அந்த எதிர்ப்பக்கத்து எழுத்துத்தான். வேண்டாதவர் வாயிலிருந்து தற்செயலாக வரும் செய்திக்கு ஆராய்ச்சியாளர் தனி மதிப்புக் கொடுப்பதும் இதனால்தான்.

ஒரு கராம்பு சொன்ன கதை

எழுத்து மட்டுமே சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. மன்னாருக்கு அருகே மாதோட்டம் என்ற பழைய துறைமுகம் இருந்தது. மாந்தை என்றும் சொல்வார்கள். அங்கே 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளரின் தலைமையில் அகழ்வு நடந்தது. சீனத்துப் பீங்கான் துண்டுகளும், பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்த மட்பாண்டத் துண்டுகளும் அங்கே கிடைத்தன. யுத்தம் வந்தது; வேலை நின்றது. அந்த அகழ்வின் முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013 இல்தான். மண்ணிலிருந்து எடுத்த உண்மை புத்தகமாவதற்கு ஏறத்தாழ முப்பது வருடங்கள்! பாடசாலைப் புத்தகத்துக்கு அது வந்து சேர இன்னும் எத்தனை வருடங்களோ.

யுத்தம் முடிந்தபின் 2009–2010 இல் மீண்டும் அங்கே தோண்டினார்கள். இம்முறை மண்ணைச் சலித்ததோடு விடவில்லை. வாளியில் நீர் நிரப்பி மண்ணைக் கொட்டிக் கலக்கினார்கள். மண் அடியில் தங்க, கருகிப்போன தானியங்களும் விதைகளும் மேலே மிதக்கும். அரிசி களைந்து தூசி தும்பை மிதக்கவிட்டு ஊற்றும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படி மிதந்தவற்றில் ஏராளமாக அரிசி இருந்தது. இந்நாட்டில் விளையாத கோதுமையும், கறுப்பு மிளகும் இருந்தன. அவற்றோடு ஒரே ஒரு கராம்பு.

அந்தக் கராம்பு கி.பி. 900 க்கும் 1100 க்கும் இடைப்பட்டதென்று கணித்து 2018 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அக்காலத்தில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே. அங்கிருந்து ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து மாதோட்டத்தில் ஒரு வீட்டு அடுப்படிக்கோ ஒரு வியாபாரியின் பண்டசாலைக்கோ அது வந்து விழுந்திருக்கிறது. புரியாணிக்குப் போடும்போது கைதவறி விழும் ஒரு கராம்பை நாம் குனிந்து எடுப்பதில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பும் யாரோ எடுக்காமல் விட்டதால்தான் இன்று நமக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

மன்னர்களின் பட்டியல் சொல்லாத ஒன்றை இந்தக் கராம்பு சொல்கிறது. அரபிகளும் பாரசீகரும் சீனரும் தமிழரும் சிங்களவரும் கலந்து பழகிய ஒரு வாணிப உலகம் கற்பனையல்ல என்பதே அது. அதே சமயம், அது சொல்லாததையும் நாம் அதன் வாயில் திணித்துவிடக் கூடாது. அதைக் கொண்டுவந்தவர் முஸ்லிமா, வேறொருவரா என்பதைக் கராம்பு சொல்லாது.

மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்

1911 இல் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த கற்பலகையை ஒரு பொறியியலாளர் புரட்டிப் பார்த்தார். மறுபக்கம் முழுவதும் எழுத்து! சீனம், தமிழ், பார்சி என மூன்று மொழிகள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409 ஆம் ஆண்டிட்டுக் கொண்டுவந்து நாட்டிய கல் அது. செங் ஹே சீனாவின் யுனான் மாகாணத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தரைப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. பார்சிப் பகுதி இஸ்லாம் சார்ந்தது. எழுத்து மிகவும் தேய்ந்துவிட்டதால் முழுவதும் படிக்க முடியவில்லை. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கை: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று கணக்குப்பிள்ளை எழுதியதுபோல ஒரு பட்டியல். இந்தக் கல்லைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்க்கலாம். விடுமுறையில் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போகிறவர்கள் காலிமுகத்திடலோடு திரும்பிவிடாமல் அங்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாமே.

தென்னாவரை என்பது இன்றைய தெவிநுவர. இக்கல் நாட்டப்படுவதற்கு 65 வருடங்களுக்கு முன், 1344 இல், இங்கு வந்த இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாத மலை ஏறி, தீனவர் என்ற ஊருக்கும் போனார். அங்கிருந்த பெரிய கோயிலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே கோயிலைச் சொல்லும்போது செய்தி உறுதிப்படுகிறது. இப்னு பதூதா ஊர் திரும்பி மொரோக்கோவில் தம் பயணத்தைச் சொல்லி எழுதுவித்து முடிந்தது 1355 அளவில். பதினொரு வருடத்துக்கு முன் கண்டதை நினைவிலிருந்து சொன்னவர் ஒரு இடத்தில் ஆண்டையோ தூரத்தையோ மாற்றிச் சொல்லியிருக்கலாம். அதனால் அவர் பொய்யராகிவிட மாட்டார். கல்யாணத்துக்குப் போய்வந்த நாமே பத்து வருடம் கழித்து எத்தனை பேர் வந்தார்கள் என்று சரியாகச் சொல்வோமா?

எல்லாக் கல்லுக்கும் காலிக் கல்லின் அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. கொழும்பு முஸ்லிம் மையவாடியில் இருந்த கூபி எழுத்து மீஸான் கல் ஒன்றின் பிரதியை அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948 என்று அதைப் படித்து 1827 இல் வெளியிட்டார்கள். ஒல்லாந்த அதிகாரி ஒருவர் தம் வீட்டுப் படிக்கல்லாக்க அக்கல்லை எடுத்துப் போனார் என்று சொல்லப்படுகிறது. ஒரு படிக்கல்லாகத் தேய்ந்துபோக இருந்ததுதான் இந்நாட்டில் நம்மவர் இருப்புக்கு அடிக்கடி காட்டப்படும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று.

தந்தை வழிக்கு நடந்த வழக்கு

சரித்திர ஆராய்ச்சி யாருக்கும் இலாப நட்டமில்லாத வேலை என்று நினைப்போர் 1888 ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதியாயிருந்த பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1885 இல் சபையில் வாதித்து, 1888 இல் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் சஞ்சிகையில் கட்டுரையாகவும் எழுதினார். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. 1889 இல் எம்.ஸி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். ஒரு சபை ஆசனத்தை ஒட்டி எழுந்த சர்ச்சை, நாம் யார் என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடையாக நின்றது.

இரு தரப்பாரும் கற்றவர்கள். இருவருக்கும் அவரவர் சமூகத்தின் தேவை முன்னால் நின்றது. எனக்குப் படுவது வேறொன்று. அந்த வாதத்தின் நடுவில் நின்றது தந்தை வழி. மூதாதையர் எங்கிருந்து கப்பலேறினார்கள் என்று கேட்ட அளவுக்கு, அவர்கள் இங்கே யாரை மணந்தார்கள், அந்தப் பெண்கள் பிள்ளைகளுக்கு எந்த மொழியில் தாலாட்டுப் பாடினார்கள் என்று கேட்கப்படவில்லை. நாம் வீட்டில் தமிழ் பேசுவதற்குக் காரணம் அந்த உம்மாமார் அல்லாமல் வேறு யார்?

கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. அக்கரைப்பற்று, காத்தான்குடி போன்ற ஊர்களில் குடி என்பது தாய் வழியாகவே வருகிறது. பள்ளிவாசல் மரைக்காயர்மாரைக் குடிவாரியாகத் தெரிவு செய்யும் வழக்கமும் அங்கு உண்டு. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி, தமிழ் கற்று, வீடு வீடாகக் கேட்டுப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2008 இல் நூலாக்கினார். உம்மம்மா சொல்லும் குடி வரலாறு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருக்கிறது. நம் பிள்ளையின் பாடக் கொப்பிக்கு வந்ததா?

பெட்டகத்தில் கிடந்த ஏடுகள்

மலாய்ச் சகோதரர்களின் சரித்திரம் இன்னும் அழகான உதாரணம். 1970 களில் பி.ஏ. ஹுஸைன்மியா என்ற ஆய்வாளர் மலாய்க் குடும்பங்களின் வீடுகளைத் தேடிப்போய் ஜாவி எழுத்தில் அமைந்த கையெழுத்து ஏடுகளைத் திரட்டினார். பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் மூத்தவர்களின் பொருள் என்று எறியாமல் வைத்திருந்தார்கள். அவ்வாறு கிடைத்தவை துணைநிற்க, இலங்கை ரைபிள் படையிலிருந்த மலாய்ச் சிப்பாய்களின் சரித்திரத்தை 1990 இல் அவர் நூலாக வெளியிட்டார். 1869 இலேயே கொழும்பில் பாபா யூனுஸ் ஸல்தீன் "ஆலாமத் லங்காபுரி" என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்தினார் என்பதும் இத்தகைய தேடல்களால்தான் பரவலாகத் தெரிய வந்தது.

எல்லோருக்கும் பெட்டகம் மிஞ்சவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் வடமாகாணத்தை விட்டு வந்தார்கள். காணி உறுதி, காவின் பதிவு, கிதாபு, புகைப்படம் என்று எத்தனை வீடுகளின் சாட்சிகள் அங்கேயே அழிந்தன! 2004 டிசம்பரில் கிழக்கிலும் தெற்கிலும் கடல் வந்து மிச்சமிருந்ததையும் கொண்டுபோனது. புத்தளத்து முகாம்களில் வாழ்ந்த தாய்மாரின் நினைவுதான் பல ஊர்களுக்கு இன்று ஒரே ஏடு. அதைக் கேட்டு எழுத வேண்டிய காலம் நீண்டதல்ல.

வகுப்பறையில்

1972 இன் கல்விச் சீர்திருத்தம் வரலாற்றையும் புவியியலையும் சேர்த்து சமூகக் கல்வி என்ற ஒரே பாடமாக்கியது. 2007 அளவில் வரலாறு மீண்டும் தனிப்பாடமாகி, சாதாரண தரத்துக்குக் கட்டாயமாக்கப்பட்டது. புத்தகங்களில் வரலாற்று மூலாதாரங்கள் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்று பிரித்தும் காட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பரீட்சைக்குப் பயந்து அதையும் பட்டியலாகவே மனனம் செய்விக்கிறோம். மகாவம்சத்தை எழுதிய பிக்கு எதற்காக எழுதினார், எதை எழுத நேரவில்லை என்று வகுப்பில் பேசுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. சாசனத்தையும் மன்னரையும் பற்றி எழுத வந்த நூலில் துறைமுக வியாபாரியைக் காணவில்லையே என்று கோபிப்பதில் அர்த்தமில்லை. அவரைத் தேட வேண்டிய இடம் மாதோட்டத்து மண்.

நம் பங்கில் ஒரு குறை உண்டு. மேடைகளிலும் மலர்களிலும் நாமே ஆதாரமில்லாத பழைமையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். மற்றவர் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமிராது. பிள்ளை அதையும் நம்பி வளர்கிறது. ஒருநாள் பல்கலைக்கழகத்தில் ஒருவர் மறுத்துவிட்டால் உண்மையானதையும் சேர்த்துச் சந்தேகிக்கிறது. ஆண்டைச் சொல்லும் பிள்ளையிடம் "இதை எழுதி வைத்தவர் யார்? அவர் கண்டாரா, கேட்டாரா?" என்று வீட்டில் கேட்டுப் பழகினால் பரீட்சைக்கும் நட்டமில்லை.

வீட்டிலுள்ள பழைய காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951 இன் முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட பழைய பதிவுகளில் மணமகனும் வலியும் கையொப்பமிட்டார்கள். மணமகளின் கையொப்பம் சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. ஆகவே உங்கள் உம்மம்மாவின் கையெழுத்து அங்கே கிடைக்கப்போவதில்லை. ஒரு சீதன உறுதியிலோ, அரபுத் தமிழ்க் கிதாபின் ஓரத்திலோ, சீட்டுக் கணக்குக் கொப்பியிலோ இருக்கலாம். ரமழானுக்கு முன் வீடு கழுவும்போது பழங்கடதாசி என்று அதை எரித்துவிடாதீர்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டவோ, கடைக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் உறையிட்டு அழுத்தவோ வேண்டாம். காலப்போக்கில் இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரமும் செல்லும் அண்டாத இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து வெளியூரிலிருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். புகைப்படமாயின் பின்புறம் பென்சிலால் மெதுவாக ஊரும் ஆண்டும் ஆட்களின் பெயரும் எழுதலாம். பெண்களுக்கு "இன்னாருடைய மனைவி" என்று எழுதி நிறுத்தாமல், அவரவர் பெயரையே எழுதுங்கள்.