விளம்பரத்தை விடுங்கள், கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள்

நவம்பர் கடைசியில், தேங்ஸ்கிவிங் விடுமுறைக்கு, தெற்குக் கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளை நோக்கி வண்டிகள் சாரிசாரியாகப் போகும். பிக்கப் டிரக்கின் பின்தட்டில் மணலில் ஓட்டும் ஏடிவி வண்டி, டிரக்கின் பின்னால் கேம்பர் என்னும் இழுவை வீடு, டிரக்குக்குள் பிள்ளைகுட்டிகளோடு குடும்பம். அமெரிக்காவில் இது சாதாரணக் காட்சி. தன் டிரக் தாங்கும் எடையைத் தாண்டிவிட்டது தெரியாமலே இப்படி ஒரு குடும்பம் கிளம்பிவிடுவதும் அங்கே சாதாரணம்தான்.

இதற்கு முதல் காரணம் விளம்பரம். ‘9,000 பவுண்டு இழுக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அந்த எண்ணைக் கணக்கிடும் முறையில் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே வண்டியில் இருப்பார்கள். பின்தட்டில் சரக்கு கிடையாது. உங்களுக்குரிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் பேலோட். கேம்பரின் முன்முனை ஹிட்ச் என்னும் இணைப்பின் மேல் அழுத்தும் எடையும் இதற்குள்தான் அடங்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேலோட் 1,700 பவுண்டு. நான்கு பேர் 600. சாமான்களோடு 6,500 பவுண்டு வரும் கேம்பர் ஹிட்ச் மேல் 10 முதல் 15 சதவீதம் அழுத்தும். 13 என்று வைத்தால் 845. ஹிட்ச் சாதனங்கள் 100. மிஞ்சுவது 155 பவுண்டு. நடுத்தர ஏடிவி ஒன்றே சுமார் 700 பவுண்டு வரும்!

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். ஏடிவி ஏறக்குறைய 7 அடி நீளம். பல டிரக்குகளின் பின்தட்டு ஐந்தரை அடிதான். பின்கதவைத் திறந்துவைத்தே ஏற்றுகிறார்கள். எடை பின் அச்சுக்கு அப்பால் போய்விடுவதால் முன் சக்கரங்களின் பிடி தளர்கிறது. ஒரு பக்கவாட்டுக் காற்று போதும், கேம்பர் ஆட ஆரம்பித்துவிடும். அப்போது டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், கேம்பரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு மணிக்கு 55 மைல்தான் வேக வரம்பு.

கணக்கோடு நிற்காமல், பயணத்துக்கு முன்பே எடை போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் ‘கேட் ஸ்கேல்’ எடைமேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, கேம்பர் அச்சு என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். எடையைப் பங்கிடும் ஹிட்ச் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அது பின் அச்சின் பாரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளும். டிரக்கின் வரம்பை உயர்த்தாது. கேம்பர் தொட்டியில் 40 கேலன் தண்ணீர் இருந்தால் அதுவே 330 பவுண்டுக்கு மேல் வரும். முகாமில் தண்ணீர் கிடைக்குமானால் தொட்டியை அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

வண்டி வாங்குபவருக்கு உரிமைகளும் உண்டு. முதல் விற்பனைக்கு முன் 100 பவுண்டு, அல்லது வண்டியின் மொத்த எடை வரம்பில் 1.5 சதவீதம், இவற்றில் குறைவானதைத் தாண்டிக் கூடுதல் சாதனம் பொருத்தினால் ஸ்டிக்கரில் அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. ‘இந்த டிரக் இந்தக் கேம்பரை இழுக்கும்’ என்று விற்பனையாளர் சொன்னால், எடைகளோடு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை வழக்கில் நிரூபிப்பது கடினம்.

டிரக்கிலோ கேம்பரிலோ பாதுகாப்புக் குறை இருந்தால் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் புகார் செய்யலாம். அதன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ரீகால் (குறைநீக்கத்துக்காகத் திரும்ப அழைத்தல்) உண்டா என்று தெரிந்துவிடும். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை பழுதுநீக்கம் இலவசம். ஏடிவிக்கு மட்டும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். தீப்பிடிக்கும் குறையை உடனே தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் 2018இல் போலாரிஸ் நிறுவனம் 2.725 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது இந்த ஆணையத்திடம்தான். ஆகவே புகாரைச் சிறியது என்று ஒதுக்காமல் பதியுங்கள்.

கேம்பருக்கும் ஏடிவிக்கும் ஏற்படும் சேதத்துக்கு டிரக்கின் காப்பீடு போதுமா என்று கிளம்புமுன் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எடைச்சீட்டு வரம்பு மீறியதாகக் காட்டினால், ஏடிவியை வீட்டிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போங்கள். மணல்மேட்டுப் பக்கத்திலேயே அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.