சீனி வேறு, சர்க்கரை வேறு

மதுரையிலிருந்து குற்றாலத்துக்கோ, செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ வண்டியை நிறுத்துவார்கள். இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தமிழ் தெரியாதவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. ஆனால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிற தமிழர்களுக்கே இந்த ஊர்களின் கடைத்தெரு புதிராக இருக்கிறது.

சீனியிலிருந்து தொடங்கலாம். காபியில் போடும் வெள்ளைப் பொருளைச் சென்னை ‘சர்க்கரை’ என்கிறது. தென்மாவட்டங்களில் அது சீனி. இங்கே பழைய ஆட்களிடம் சர்க்கரை என்று கேட்டால், பழுப்பு நிறத்தில் உதிரியாக இருக்கும் நாட்டுச் சர்க்கரை வரும். வெல்லம் போட்ட பொங்கலுக்கு எதற்குச் சர்க்கரைப் பொங்கல் என்று பெயர் என நகரத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகமே வராது.

அடுத்து சீனியவரைக்காய். நீரிழிவுக்காரர்கள் பயப்பட வேண்டாம். கொத்தவரங்காய்க்குத்தான் இங்கே அந்தப் பெயர். சீனி மிட்டாய் விஷயத்தில் மட்டும் அவர்கள் பயப்படலாம். மிட்டாய் என்றதும் காகிதம் சுற்றிய சின்ன உருண்டை நினைவுக்கு வந்தால், கடைக்காரர் நீட்டுவது வேறாக இருக்கும். அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவைச் சுருள் சுருளாகப் பிழிந்து, பொரித்து, பாகில் ஊறப்போட்ட பண்டம் அது. பாகு கருப்பட்டியானால் கருப்பட்டி மிட்டாய். சேவும் அப்படித்தான். காராச்சேவு உறைக்கும், சீனிச்சேவு இனிக்கும். ‘சேவு’ என்று மட்டும் சொல்லிப் பொட்டலம் வாங்கிப்போய்ப் பிரித்தால் ஏமாற்றமாகலாம்.

காய்கறிக் கடையில் ‘பல்லாரி’ என்று எழுதியிருந்தால் அது பெரிய வெங்காயம். கர்நாடகத்துப் பெல்லாரியிலிருந்து வந்த சரக்கு, ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. வெறுமனே வெங்காயம் என்றால் சின்னது. “பல்லாரியா, வெங்காயமா அண்ணாச்சி?” என்ற கேள்வி வெளியூர்க் காதுக்கு வினோதம், சமைக்கிறவர்களுக்கு முற்றிலும் நியாயமான கேள்வி. பொட்டுக்கடலைக்கு இங்கே பொரிகடலை என்று பெயர். பருப்பு வடை ஆமவடையாகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவில் குழப்பம் வேறு விதம். பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வடக்கிலிருந்து வருகிறவர்கள் அறிந்த கோவா இனிப்பே இல்லாதது. குலாப் ஜாமூனுக்கும் பர்பிக்கும் அடிப்படையாகும் வற்றிய பால், அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அது மூலப்பொருள் அல்ல, தானே முழுமையான பண்டம். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பாலோடு சீனி சேர்த்து, அகன்ற சட்டியில், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே அந்தத் தண்ணீரை வற்றவிடுவதுதான் மொத்த வேலையும். சேர்மானம் இரண்டே இரண்டு என்பதால், பால் மட்டமானால் மறைக்க ஏலக்காயோ முந்திரியோ கிடையாது. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரும் பண்டப்பெயரும் சேர்ந்தே சட்டப் பாதுகாப்புப் பெற்றிருப்பதால், இந்தப் பெயர் வெறும் விளம்பரமல்ல. வீடுகளில் செய்யும் திரட்டுப்பால் இதற்கு நெருங்கிய சொந்தம்; ஆனாலும் கடைக்காரரிடம் போய் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டுவிடாதீர்கள்.

இதே ஊரில் ஆண்டாளோடு பிணைந்த இன்னொரு பெயர் அக்கார அடிசில். அழகர்கோவில் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் தருவதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதை, பிற்காலத்தில் ராமானுஜர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. அரிசியைப் பாலிலேயே குழைய வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்ப்பது இது. சர்க்கரைப் பொங்கலின் இன்னொரு பெயர் என்று நினைத்து வாயில் போடுகிறவர்கள் முதல் கவளத்திலேயே வித்தியாசத்தை உணர்வார்கள்.

ராஜபாளையத்தில் தெலுங்கும் சேர்ந்துகொள்கிறது. விஜயநகரக் காலத்தை ஒட்டி ஆந்திரத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ராஜுக்களின் வீட்டுமொழி இன்றும் தெலுங்கு. தெலுங்கில் பச்சடி என்றால் நாம் துவையல் என்பது. தயிர் கலந்ததை மட்டுமே பச்சடி என்று அறிந்தவர்கள் அங்கே விழிக்க வேண்டிவரும். தெலுங்கின் சாரு, நம் ரசம்.

மாலையானால் பரோட்டாக் கடைகள் களைகட்டும். விருதுநகர் வட்டாரத்து எண்ணெய் பரோட்டா, கல்லில் எண்ணெய் குளம் கட்டி மொறுமொறுவென்று பொரித்து எடுப்பது. கோதுமை மாவில் உருளைக்கிழங்கு அடைத்த பஞ்சாபிப் பராத்தாவை எதிர்பார்த்து உட்காருகிறவர்களுக்கு இது மைதாவில் செய்தது என்று முன்கூட்டியே யாராவது சொல்ல வேண்டும். ‘சுவரொட்டி’ என்று பலகையில் கண்டு தேர்தல் நினைவு வந்தால், அது ஆட்டின் மண்ணீரல். சுக்கா என்பது குழம்பில்லாமல் சுருள வறுத்த கறி. கறி என்று சொன்னாலே இந்தப் பக்கம் இறைச்சிதான். காய்கறிப் பொரியலைக் கறி என்று சொல்லிப் பழகிய வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். எனக்கு உண்மையான கவலை சால்னா பற்றியது. பரோட்டாவுக்கு ஊற்றும் அந்த நீர்த்த குழம்பில் பல கடைகளில் எலும்போ கறியோ வெந்திருக்கும். துண்டு எதுவும் தட்டில் விழாததால் சைவக்காரர்கள் தெரியாமல் சாப்பிட்டுவிடுகிறார்கள். பொட்டலத்தில் அடைத்த உணவுக்குப் பச்சைப் புள்ளி இருக்கிறது. சால்னா வாளிக்கு அப்படி எதுவும் இல்லை. கேட்டுவிட்டு ஊற்றச் சொல்வதே வழி.

இந்தப் பெயர்க் குழப்பங்களுக்குப் பரிகாரமாக, எல்லாக் கடைக்கும் பொதுவான பெயர்களை எழுதிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பருத்திப்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. மாட்டுப்பால் துளியும் இல்லை. ‘ஹெல்த் டிரிங்க்’ என்று பலகையில் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது, கரிசலில் விளைந்த பருத்தியும் காணாமல் போகும். உள்ளூர்ப் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே ஒரே வரியில் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதினால் போதும். கோடையில் ராஜபாளையம் பக்கம் வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரி கூடுதலாகவே உதவும். ‘சப்பட்டை’ என்று தள்ளுவண்டியில் எழுதியிருப்பதைச் சப்போட்டா என்று வாசித்துவிட்டு, ஊரின் பெயர்பெற்ற மாம்பழத்தை வாங்காமலே தென்காசிக்கு வண்டி ஏறிவிட மாட்டார்கள்.