மங்கிய கண்ணாடியின் மகிமை

மொட்டை மாடியில் சூரிய மின்பலகை வைத்தாயிற்று. ஆசையோடு போய்ப் பார்க்கிறீர்கள். கண்ணாடியில் பளபளப்பையே காணோம்! தடவினால் லேசான சொரசொரப்பு வேறு. "ஐயோ, மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களே!" என்று மனம் பதைக்கிறது.

பதற வேண்டாம், அம்மா. அந்த மங்கலில்தான் சூட்சுமமே இருக்கிறது.

கூடத்தில் மாட்டியிருக்கும் மாமனார் படத்தை நேர் எதிரே நின்று பாருங்கள். முகம் தெளிவாகத் தெரியும். நன்றாகப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பாருங்கள். மாமனார் மறைந்து, அங்கே ஜன்னல் வெளிச்சம் பளீரிடும்! வழவழப்பான கண்ணாடியின் மேற்பரப்பு, நேராக விழும் ஒளியில் 100-க்கு சுமார் 4 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஒளி சாயச் சாய இந்த நஷ்டம் ஏறும். அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில் சூரியன் இருக்கும்போது, தட்டையாகக் கிடக்கும் கண்ணாடி சுமார் 25 பங்கைத் திருப்பிவிடும். காலையிலும் மாலையிலும் வீட்டுக்கு வர வேண்டிய வெளிச்சம் வாசலோடு போய்விடுகிறது!

இதற்கு ஒரு யுக்தி கண்டார்கள். சித்திரம் செதுக்கிய கட்டையால் மாவைத் தேய்த்தால் மாவில் அச்சுப் பதியுமல்லவா? அதே போல, உருகிய கண்ணாடியைச் செதுக்கிய உருளைகளுக்கு இடையே செலுத்துகிறார்கள். குளியலறை ஜன்னலின் பூப்போட்ட கண்ணாடியும் இப்படிப் பிறந்ததுதான். பரப்பெங்கும் குட்டிக் குட்டி மேடுகள். ஒரு மேட்டின் சரிவில் பட்டுத் திரும்பும் ஒளி, பக்கத்து மேட்டில் மோதி உள்ளே நுழைந்துவிடுகிறது. லாபம் சிறிதுதான், ஆனால் தினந்தோறும் சேருகிறதே!

சாதாரணக் கண்ணாடியின் விளிம்பு பச்சையாகத் தெரிவது இரும்புச் சத்தினால். அது ஒளியைத் தின்னும். ஆகவே மின்பலகைக் கண்ணாடியில் இரும்பை வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள். உங்கள் சமையலறைக்குத் தெரிந்த 'போரோசில்' பெயரிலேயே, 2010-ல் குஜராத்தின் பரூச் அருகே இத்தகைய கண்ணாடி செய்யத் தொடங்கினார்கள்.

ஒரு தொல்லையும் உண்டு. மேடு பள்ளம் ஆழமானால் தூசி தங்கும். ஆகையால் பல பலகைகளில் வெளிப்புறச் சொரசொரப்பை லேசாக வைத்து, பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சும் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் உங்கள் கை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பளபளப்பு வரட்டும் என்று கம்பி நாரும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்தால், பூச்சு போய்விடும், கீறலும் விழும். உச்சி வெயிலில் சுட்ட கண்ணாடிமேல் குளிர்ந்த நீரைக் கொட்டாதீர்கள். வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீர் விட்டு, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீர் வெள்ளைக் கறை விடும்.

மங்கல் இருக்கட்டும், அம்மா, தூசிதான் கூடாது!