வாழைக்கு அடியில் எதை விதைப்பது?

வடகவுஞ்சி, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு எனக் கீழ்ப்பழனி மலை ஊர்கள் பலவும் விருப்பாச்சி வாழையால் பிழைத்தவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுக்கும் பழம் அது. 1970களுக்குப் பிறகு முடிக்கொத்து நோய் பரவி, ஆயிரக்கணக்கான ஏக்கர் மலைவாழையை அழித்துவிட்டது. மீண்டும் கன்று ஊன்றுகிறவர்கள் வாழைக்கு அடியில் விதைக்கும் பயிரையும் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முடிக்கொத்து நோயை உண்டாக்கும் வைரஸைச் சுமப்பது வாழை அசுவினி என்று 1920களிலேயே ஆஸ்திரேலியாவில் மாகீ என்ற ஆய்வாளர் நிறுவிவிட்டார். பெரும்பாலும் பெண் பூச்சிகளே இருக்கும். ஆண் துணையில்லாமலே குட்டி போடும். இலையுறைக்குள் ஒளிந்து சாறு உறிஞ்சும். கூட்டம் நெருக்கினால் இறக்கை முளைத்த தலைமுறை பிறந்து அடுத்த தோட்டத்துக்குப் பறந்துவிடும்.

தட்டைப்பயறை மூடுபயிராக விதைத்தால் அதிலும் கறுப்பு அசுவினி அப்பும். பயந்து பிடுங்க வேண்டாம். அது பயறு வகைக்கான அசுவினி, வாழையில் குடியேறாது. அதைத் தின்ன வரும் பொறிவண்டு வாழைப் பக்கமும் இரை தேடும். மூடுபயிரைக் குத்திப் பார்த்ததுமே அசுவினியின் வாயூசி சுத்தமாகிவிடும் என்ற கணக்கு மட்டும் இங்கே செல்லாது. உருளை, பீன்ஸில் வரும் சில மொசைக் நோய்களுக்கு அது பொருந்தும். முடிக்கொத்து வைரஸோ பூச்சியின் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

பயறு மண்ணுக்குத் தழைச்சத்து தரும், நல்லதுதான். அதற்கு மேல் யூரியாவையும் கொட்டினால் சாறு செழித்து அசுவினியின் பேறும் கூடும்.

ஏலக்காய், சேம்பு விஷயத்தில்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. ஏலத்தில் கட்டே நோயைப் பரப்பும் அசுவினியும் வாழை அசுவினியும் ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2010இல் வந்த ஆய்வு அவற்றை இரு இனங்களாகப் பிரித்தது. அதனால் நிம்மதி அடைந்துவிட முடியாது: ஏல, சேம்பு அசுவினியும் குறைந்த திறனோடு முடிக்கொத்து வைரஸைக் கடத்தும் என்று ஹவாயில் நடந்த சோதனை காட்டியது. வாழைத் தூரை ஒட்டிச் சேம்பு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்த மூடுபயிரும் நோய் கண்ட மரத்தைக் காப்பாற்றாது. முதலில் அதிலிருக்கும் அசுவினியைக் கொல்ல வேண்டும். பிறகு பக்கக்கன்றோடும் கிழங்கோடும் தோண்டி எடுத்து அழிக்க வேண்டும். கொஞ்சம் கிழங்கு மிஞ்சினாலும் அதில் துளிர்க்கும் கன்று நோயோடுதான் வரும்.