ஒரு நேரத்தில் ஒரு கேள்வி: புளூடூத் கருவிகளின் வரிசைக் கணக்கு

கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்டைச் செல்போனோடு இணைத்ததும் இதயத் துடிப்பு திரையில் ஓடத் தொடங்குகிறது. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்ற கட்டம் மட்டும் காலியாகவே கிடக்கிறது. பேண்ட் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஆனால் பேண்டில் ஒரு குறையும் இல்லாமலே இப்படி நடக்கலாம். செயலியை எழுதியவர் இரண்டு கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பியிருப்பார். முதலாவது போய்ச் சேர்ந்திருக்கும், இரண்டாவது போனைவிட்டே கிளம்பியிருக்காது.

இதற்குக் காரணம் புளூடூத்தின் ஒரு பழைய விதி. 2006இல் நோக்கியா ‘வைப்ரீ’ என்ற பெயரில் அறிவித்த குறைந்த மின்சாரத் தொழில்நுட்பம், 2010இல் புளூடூத் 4.0 தரத்துக்குள் ‘லோ எனர்ஜி’ என்ற பெயரில் சேர்ந்தது. பொத்தான் அளவு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் சின்னக் கருவிகளுக்காக உருவானது அது. அவற்றின் நினைவகமும் சிறியது. ஆகவே போனும் கருவியும் பேசிக்கொள்ளும் முறையை முடிந்தவரை சுருக்கிவிட்டார்கள். போன் ஒரு கோரிக்கை அனுப்பினால், அதற்குப் பதில் வரும்வரை அடுத்த கோரிக்கையை அனுப்பக் கூடாது.

அந்தச் சுருக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பதில் செய்தியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ‘பேட்டரி எவ்வளவு?’ என்று போன் கேட்டால், ‘இது படித்துச் சொல்லும் பதில்’ என்று காட்டும் ஒரு பைட்டும் அதன் பின்னால் மதிப்பும் மட்டுமே திரும்பி வரும். எந்தக் கேள்விக்கான பதில் என்ற அடையாள எண் அதில் கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகள் காத்திருந்தால், வந்த பதில் எதனுடையது என்று போனுக்குத் தெரிய வழியே இல்லை. ஒன்று முடிந்த பின்தான் இன்னொன்று என்ற ஒழுங்கே அடையாள எண்ணின் வேலையைச் செய்கிறது. சில பைட்டுகளை மிச்சம் பிடித்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. அதன் பாரம் முழுவதும் செயலி எழுதுபவர் தலையில் இறங்கிவிட்டது என்பதும் உண்மை.

ஐபோனில் அந்தப் பாரம் குறைவு. செயலி கொடுக்கும் கோரிக்கைகளை ஆப்பிளின் மென்பொருளே வாங்கி வரிசையில் வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு அப்படியில்லை. ஒரு கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது இன்னொன்றைக் கொடுத்தால், ‘முடியாது’ என்ற ஒற்றை விடையைச் செயலியிடம் தந்துவிட்டு அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுவிடும். விடையைப் பார்க்காத செயலிக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. இதயத் துடிப்பு, பேட்டரி இரண்டுக்கும் ‘மாறும்போதெல்லாம் சொல்’ என்று கருவிக்குள் தனித்தனியாகக் குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பும் ஒரு கோரிக்கைதான். இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதினால் இரண்டாவது தொலைந்துபோகும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, ‘இப்போது வேறு வேலை நடக்கிறது’ என்பதற்குத் தனி எண்ணே கொடுத்தது. அதையும் யாராவது பார்த்தால்தான் பயன்.

இதற்குப் பலர் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி, இரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவே அரை நொடி இடைவெளி விடுவது. எழுதுபவரின் மேசையில் அது வேலை செய்யும். ஆனால் போனும் கருவியும் சந்திக்கும் இடைவெளி 7.5 மில்லிநொடியிலிருந்து 4 நொடிவரை எதுவாகவும் இருக்கலாம். பேட்டரியைச் சேமிக்க நீண்ட இடைவெளி கேட்கும் கருவியிடம் அரை நொடிக் கணக்கு தோற்றுவிடும். இடைவெளியை நம்பிய செயலியை நான் முடிந்த செயலியாகவே எண்ணமாட்டேன்.

சரியான வழி, செயலிக்குள்ளேயே ஒரு வரிசை. வருகிற கோரிக்கை எதுவானாலும் வரிசையின் கடைசியில் சேரும். முதலில் நிற்பது மட்டும் வெளியே போகும். அதன் பதில் வந்து சேர்ந்ததும் அடுத்தது கிளம்பும். இந்த அளவுக்கு எழுத ஒரு பக்கம்கூட வேண்டாம். சிக்கல், பதில் வராதபோது தொடங்குகிறது. 30 நொடிக்குள் பதில் வராவிட்டால் அந்த இணைப்பு வழியில் இனி எதையும் அனுப்பக் கூடாது என்கிறது தரம். இணைப்பைத் துண்டித்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். அப்போது வரிசையில் நின்ற மற்ற கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ‘நடக்கவில்லை’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வரிசையை அழித்தால், திரையில் சுழலும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும்.

பதில் வந்தாலே வேலை முடிந்தது என்றும் சொல்ல முடியாது. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரை எடுத்துக்கொள்வோம். புளூடூத்தின் பொதுவான குளுக்கோஸ் தரத்தைப் பின்பற்றும் மீட்டரிடம் ‘சேமித்த அளவுகளை அனுப்பு’ என்றால், கோரிக்கை கிடைத்தது என்ற பதில் உடனே வந்துவிடும். அளவுகள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். எல்லாம் முடிந்ததும் தனியாக ஒரு அறிவிப்பு வரும். அதற்குள் அதே கட்டளையை இன்னொரு முறை நீட்டினால் ‘முந்தையது நடந்துகொண்டிருக்கிறது’ என்று மீட்டர் மறுத்துவிடும். எனவே வரிசை காத்திருக்க வேண்டியது கடைசி அறிவிப்புக்கு. மருத்துவர் பார்க்கப்போகும் எண்கள் இவை. ஒரு அளவு விடுபட்டாலும் அதைப் பற்றி யாருக்கும் தகவல் வராமல் போய்விடக் கூடாது.

வேகம்? ஒரு செய்தியின் வழக்கமான அளவு 23 பைட். தலைப்புக்கு 3 போனால் எழுத 20 மிச்சம். 20,000 பைட் மென்பொருளைக் கருவிக்குள் ஏற்ற 1,000 கோரிக்கைகள் வேண்டும். ஒரு சுற்றுக்கு 60 மில்லிநொடி என்று வைத்தால் ஒரு நிமிடம். இருபுறமும் ஒப்புக்கொண்டு செய்தி அளவை 247 பைட்டாக உயர்த்தினால் 82 கோரிக்கைகளில் முடிந்துவிடும்.

புளூடூத் 5.2 தரம், ஒரே இணைப்பில் பல வழிகளைத் திறந்து கேள்விகளை இணையாக அனுப்ப இடம் கொடுத்தது. ஆனால் அந்த வழிகள் ஒவ்வொன்றிலும் பழைய விதி அப்படியே இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். அந்த வசதி இல்லாத கருவிகளோடும் செயலி பேசியாக வேண்டும் என்பதால், அதற்குள் இருக்கும் வரிசையை இப்போதைக்கு எடுத்துவிட முடியாது.