சுருதி விலகினால் சிப்பைப் பிடுங்காதீர்கள்: தீவக மின்சாரமும் இலத்திரனியல் இசைச் சுற்றும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் நாட்டின் பிரதான மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே அங்கு வாழ்க்கை ஓடிவந்திருக்கிறது. மின்விளக்குக்கும் மின்விசிறிக்கும் இந்த மின்சாரம் போதும். அழுத்தம் சற்றுக் குறைந்தால் விளக்கு மங்கும், விசிறி மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். ஆனால் இசைக்கருவி ஒன்றின் இலத்திரனியல் சுற்றைத் தாமே பொருத்திப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு அந்தச் சிறு குறைவு காதிலேயே கேட்கும். சுருதி விலகும். பலர் அப்போது செய்யும் முதல் வேலை, சுற்றிலுள்ள விலை கூடிய சிப்பைக் கழற்றி எறிவது. பெரும்பாலும் அந்தச் சிப்பில் பிழை இருக்காது.

அழுத்தம் ஒன்று கூடினால் ஸ்தாயி ஒன்று கூடும்

சிந்தசைசர் எனப்படும் இலத்திரனியல் இசைக்கருவியின் இதயம் ஓர் அலையி. மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அதற்கேற்ற அதிர்வெண்ணில் ஒலியை உருவாக்கும். அமெரிக்கப் பொறியியலாளர் ரொபேட் மூக் 1964ஆம் ஆண்டளவில் உருவாக்கிய கருவிகளிலிருந்து ஒரு வழக்கம் நிலைத்தது: அழுத்தம் ஒரு வோல்ற்றால் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள். எனவே ஒரு சுரத்தானத்துக்கு உரியது ஏறத்தாழ 83 மில்லிவோல்ற்று மட்டுமே. நான்கு, ஐந்து மில்லிவோல்ற்று மாறினாலே பயிற்சியுள்ள காது விலகலைக் கண்டுபிடித்துவிடும்.

மூக்கின் கருவியொன்று 1969இல் இந்தியாவுக்கும் வந்தது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் ரியூடர் அதை நிறுவ, கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் இசை செய்தனர். அக்காலத்து அலையிகளின் பெரும் தொல்லை வெப்பம். அறை சூடானால் சுருதி நகரும். அமெரிக்காவின் டக் கேட்டிஸ் வடிவமைத்த சீ.ஈ.எம். 3340 என்ற 16 கால் சிப், வெப்பத்தை ஈடுசெய்யும் பகுதியையும் தனக்குள்ளேயே கொண்டிருந்தது. 1980இல் வந்த புரொபெற்-5 கருவியின் மூன்றாம் பதிப்பும், 1982இல் வந்த றோலண்ட் எஸ்.எச்.-101 கருவியும் இதையே பயன்படுத்தின. 2016இல் இந்தச் சிப் மீண்டும் தயாரிக்கப்பட்டது. லாத்வியாவின் ஏ.எஸ். 3340 போன்ற ஒத்த சிப்களும் கிடைக்கின்றன. வீட்டில் கருவி செய்வோர் இன்று அதிகம் நாடுவது இக்குடும்பத்தைத்தான்.

தீவகத்தில் இருப்பவருக்கு இச்சிப் வெளிநாட்டிலிருந்து வந்து, யாழ்ப்பாணம் சேர்ந்து, குறிகட்டுவானில் படகேற வேண்டும். ஆகவே அதைக் கடைசியாகவே சந்தேகிக்க வேண்டும்.

முதலில் மின்வழங்கல்

இச்சுற்றுகளுக்குப் பொதுவாக நேர் 12, மறை 12 என இரு அழுத்தங்கள் தேவை. சுருதியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் தன் அழுத்தத்தை இந்த வழங்கலிலிருந்தே எடுக்கிறது. வழங்கல் ஆடினால் சுருதியும் ஆடும். பலவீனமான பற்றரியில் கசெற் பாட்டு இழுபட்டதை நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வழங்கலை நிலைப்படுத்தும் 7812 என்ற பாகத்துக்கு, வெளியே 12 வோல்ற்று கொடுப்பதற்கு உள்ளே ஏறத்தாழ 14.5 வோல்ற்றாவது வேண்டும். வீட்டு மின்சாரம் 230இலிருந்து 190க்கு இறங்கினால் மின்மாற்றியின் வெளியீடும் அதே விகிதத்தில் இறங்கும். நிலைப்படுத்தி அப்போது கைவிட்டுவிடும். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டவுடன் ஒலி நடுங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. இரண்டு 12 வோல்ற்று மோட்டார் சைக்கிள் பற்றரிகளைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைப் பூமி முனையாகக் கொள்ளுங்கள். இரு பக்கமும் உருகி போட மறக்கவேண்டாம். நிலைப்படுத்திகளுக்குப் பின்னால், நேராகச் சுற்றுக்கே பற்றரியைக் கொடுங்கள். சுருதி நிலைத்து நின்றால் சிப் நல்லது, வழங்கலே பிழை. மின்மாற்றியின் வீட்டு மின்சாரப் பக்கத்தை மட்டும் அனுபவமில்லாதவர் தொடக்கூடாது.

பிறகு மூன்று கால்கள்

ஒலியே வராவிட்டால் மல்ரிமீற்றரை எடுங்கள். 12ஆம் கால் பூமி. 16ஆம் காலில் நேர் 12 இருக்க வேண்டும். 3ஆம் காலில் மறை 12 இருக்கக் கூடாது. ஏறத்தாழ மறை 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். சிப்புக்குள் உள்ள செனர் இருவாயி அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதற்கு வழியில் ஒரு தடையி கட்டாயம். அது இல்லாமல் மறை 12ஐ நேரடியாகக் கொடுத்தால் சிப் எரிந்துவிடும். புதிய சிப் போட்டும் மீண்டும் மீண்டும் பழுதானால் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

முக்கோண அலை 10ஆம் காலிலும், ரம்பப்பல் அலை 8ஆம் காலிலும், சதுர அலை 4ஆம் காலிலும் வரும். முதலிரண்டும் வந்து சதுர அலை மட்டும் வராவிட்டால் சிப்பைக் குறை சொல்லாதீர்கள். 4ஆம் காலிலிருந்து பூமிக்கோ மறை வழங்கலுக்கோ ஒரு தடையி இருக்க வேண்டும், அது விடுபட்டிருக்கலாம். அல்லது அலையின் அகலத்தைத் தீர்மானிக்கும் 5ஆம் காலுக்கு அழுத்தம் போகாமல் இருக்கலாம்.

அலைகாட்டி இல்லாதவர்கள், ஒரு கொள்ளளவியையும் 100 கிலோ ஓம் தடையியையும் தொடராக வைத்து, அந்தக் கால்களைப் பழைய ஒலிபெருக்கியொன்றின் உள்ளீட்டில் கேட்கலாம். பிழை தேட காதும் ஒரு கருவிதான்.

சூடும் உப்பும்

கருவியைப் போட்டு 15 நிமிடம் விடுங்கள். அதன் பின்னரும் நகர்ந்தால் 11ஆம் காலிலுள்ள கொள்ளளவியைப் பாருங்கள். மலிவான சாதாரண பீங்கான் கொள்ளளவி வெப்பத்தோடு தன் அளவை மாற்றும். பொலிஸ்ரைரீன் வகையோ, வெப்பத்துக்கு மாறாத சீ0ஜீ வகையோ வேண்டும். வெப்ப ஈடு இல்லாத சுற்றொன்றில் 10 பாகை செல்சியஸ் கூடினால், ஒரு ஸ்தாயிக்குள் ஏறத்தாழ அரைச் சுரத்தானம் விலகும். சூடாகும் 7812ஐச் சிப்பின் அருகில் வைப்பது அந்தத் தொல்லையை நாமே விலைக்கு வாங்குவதுதான்.

தீவகத்துக்கே உரிய எதிரி உப்புக்காற்று. பற்றாசு வைத்தபின் பலகையில் எஞ்சும் பசையில் உப்பும் ஈரமும் படிந்தால் கால்களுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் கசியும். தாழ்ந்த சுரங்களில் சிப்புக்குள் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. எனவே கசிவு முதலில் அங்கேதான் தெரியும். மேல் ஸ்தாயி சரியாகவும் கீழ் ஸ்தாயி பிழையாகவும் இருந்தால் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் பலகையைக் கழுவி, நன்றாக உலர்த்தி, மீண்டும் கேளுங்கள். சரியானால் பாதுகாப்புப் பூச்சொன்றைப் பூசிவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பின்பே சிப்பை மாற்றிப் பார்க்கலாம். அதற்காகத்தான் முதலிலேயே சிப்பை நேராகப் பற்றாசு வைக்காமல் தாங்கியில் பொருத்த வேண்டும்.

பழைய கைத்திறன், புதிய தேவை

இந்த ஒழுங்கு நமக்குப் புதியதல்ல. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அறுந்து, பொருளாதாரத் தடையால் பற்றரியும் தடைப்பட்டபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது ஒரு தலைமுறை. டைனமோ தருவது ஆடலோட்டம். மிதிக்கும் வேகத்தோடு அதன் அழுத்தமும் மாறும். அதை நேராக்கி, கொள்ளளவியால் மட்டப்படுத்தினால்தான் செய்தி தெளிவாகக் கேட்கும். வழங்கலைச் சரிசெய், பிறகு கருவியைப் பார் என்ற பாடத்தை அவர்கள் வகுப்பறையில் படிக்கவில்லை. மாற்றுப் பாகம் வராது என்பதால், இருப்பதை எறியாமல் பிழையைத் தேடினார்கள். அந்த அறிவின் பெரும்பகுதி எழுதிவைக்கப்படாமல் கைகளிலேயே இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள்.

மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் 1,700 கிலோவாற் சூரிய சக்தி, 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற் மணி பற்றரிச் சேமிப்பு, மாற்றாக 2,500 கிலோவாற் டீசல் என்பது திட்டம். மின்சாரம் சீரானால் மேலே சொன்ன தொல்லைகளில் ஒன்று குறையும். உப்பும் சூடும் குறையா. அடுத்த முறை சுருதி விலகும்போது, சிப்பைத் தொடுமுன் ஒரு கொப்பியில் மூன்று அழுத்தங்களையும் எழுதுங்கள். பக்கத்தில் டைனமோக் காலத்து ஆள் எவராவது இருந்தால் அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.