வாங்கத் தெரிந்தவர் யார்?

வியாபாரத்தில் விற்கத் தெரிந்தவனையே கெட்டிக்காரன் என்போம். முப்பது வருடமாகப் புறக்கோட்டையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு நஷ்டம் வந்ததெல்லாம் பெரும்பாலும் வாங்கும் இடத்தில்தான். ஒருமுறை டிப்ளோமா முடித்த தம்பி ஒருவரைக் கொள்வனவுக்கு வைத்தேன். பத்து மூடை செத்தல் மிளகாய் எடுத்தார். மூடையின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்தார், அடியில் ஈரம். குற்றம் என்னுடையது. சான்றிதழைப் பார்த்தேனே தவிர, மூடைக்குள் கைவிட்டுப் பார்க்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய அளவில் அடிபட்டது அமெரிக்க இராணுவம். ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்த காலத்தில் சாப்பாடு, தண்ணீர், எரிபொருள், போக்குவரத்து என அனைத்துக்கும் ஒப்பந்தக்காரரை நம்பியிருந்தது. கொள்வனவு உத்தியோகத்தருக்குக் கல்வி, பயிற்சி, அனுபவம் மூன்றும் வேண்டுமென்று 1990ஆம் ஆண்டிலேயே அங்கு சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஜக் கான்ஸ்லர் தலைமையிலான ஆணைக்குழு 2007இல் கண்டது வேறு. வேலை ஏழு மடங்காகியிருந்தது, ஆட்கள் கூடவில்லை. தாம் வகிக்கும் பதவிக்குரிய தகுதிச் சான்று பெற்றிருந்தவர்கள் படை அதிகாரிகளில் 56 வீதம், சிவில் ஊழியரில் 53 வீதம் மட்டுமே. மேற்பார்வை இல்லாத இடத்தில் ஊழலும் நுழைந்தது. குவைத்தில் ஒப்பந்தங்களைக் கவனித்த ஒரு மேஜர் இலஞ்சக் குற்றத்துக்காக 2009இல் பதினேழரை வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆணைக்குழு 1,400 பேரை மேலதிகமாகச் சேர்க்கச் சொன்னது. பயிற்சிக்கும் ஆட்சேர்ப்புக்குமென 2008இல் சட்டத்தின் மூலம் தனி நிதியம் உருவானது. எனக்குப் பிடித்தது அவர்கள் திறமையை அளந்த முறை. உத்தியோகத்தர் தன்னைத் தானே மதிப்பிட வேண்டும். மேலதிகாரியும் அவரைத் தனியாக மதிப்பிட வேண்டும். விலையை ஆராய்வது, பேரம் பேசுவது, ஒப்பந்தம் நடைபெறுவதைக் கண்காணிப்பது என்று ஒவ்வொரு வேலையாகக் கேட்டார்கள். எங்கே ஓட்டை என்று தெரிந்த பிறகுதானே அடைக்கலாம். பின்னர் 2022இல், மூன்று படிகளாக இருந்த சான்றிதழை ஒன்றாக்கிப் பரீட்சையும் வைத்தார்கள்.

இராணுவம் எங்கே, நமது கடை எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே வீணானது வரிப்பணம். இங்கே போவது நமது முதல். இப்போது நான் வருடத்துக்கு ஒருமுறை ஒரு தாளைக் கொள்வனவுப் பொடியனிடம் கொடுக்கிறேன். அதேபோன்ற தாளை நானும் நிரப்புகிறேன். சரக்கைத் தரம் பார்ப்பது, சந்தை விலை அறிவது, நிறுவையைச் சரிபார்ப்பது, கடன் தவணை பேசுவது. இரண்டு தாளும் ஒத்துப்போகாத இடத்தில் அவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குகிறேன்.

வாங்க வருபவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை விற்பவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். முதலாளிக்கு அது தெரிவது நஷ்டக் கணக்கு வந்த பிறகு என்றால், பிழை ஊழியரிடம் இல்லை.